வண்டியின் நெற்றி

எங்கள் காரின் பானட்டைத் திறந்தால், என்ஜினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தகட்டில் பதினேழு எழுத்துகள் வரிசையாகக் குத்தியிருக்கும். சேஸிஸ் நம்பர் என்பார்கள். குத்தியிருந்தது என்று சொல்வதுதான் சரி. ஒன்பது வருடம் அதை நான் ஒழுங்காக ஒரு முறைகூடப் படித்ததில்லை. இப்போது அதன் ஒவ்வோர் எழுத்தும் எனக்கு மனப்பாடம், ஆனால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

என் கணவர் துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தார். இன்ஸ்பெக்டர் என்றதும் எல்லோரும் போலீஸ் என்று நினைப்பார்கள். இவர் இரும்புக்கு இன்ஸ்பெக்டர். கொதிகலன் செய்ய வருகிற ஒவ்வொரு தகட்டிலும் ஒரு நம்பர் குத்தியிருக்கும். தகட்டை இரண்டாக வெட்டினால், வெட்டுவதற்கு முன்பே அந்த நம்பரை இரண்டு துண்டிலும் குத்தியாக வேண்டும். குத்த மறந்த துண்டு எவ்வளவு நல்ல இரும்பாக இருந்தாலும் சரி, இவர் சிவப்புப் பெயின்ட்டால் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார். "நம்பர் இல்லாத தகடு தகடே இல்ல. அது எங்க பொறந்துச்சு, என்ன தாங்கும்னு யாருக்குத் தெரியும்?" என்பார். சாப்பாட்டு நேரத்தில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போயிருந்தது.

கார் வாங்கியபோதும் அதே கதைதான். ஷோரூமில் ஆக்சஸரீஸ் என்று ஒரு நீளமான பட்டியலை நீட்டினார்கள். முன்னால் கம்பித் தடுப்பு, கூடுதல் விளக்கு, தோல் மாதிரி சீட் கவர், கதவுக்கு வழவழப்பான பட்டை. நான் ஒவ்வொன்றாக ஆசைப்பட, இவர் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். கதவைத் திறந்து, கதவு வந்து பொருந்துகிற தூணில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளை லேபிளை எனக்குக் காட்டினார். வண்டி எந்த மாதம் செய்தது, எவ்வளவு எடை தாங்கும், அதன் நம்பர் என்ன, எல்லாம் அதில் இருந்தது. "இதுதான் வண்டியோட ஜாதகம். கம்பெனிக்காரன் ஒட்டினதுக்கு மேல நாம எதையும் ஒட்டக் கூடாது" என்றார்.

எனக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. டாஷ்போர்டில் சின்னதாக ஒரு பெருமாள் வைக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு பெருமாள் இல்லாமல் ஒரு வண்டியா? இவர் வெயில் மறைப்பை இறக்கி, அதில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை வாசித்துக் காட்டினார். இடது பக்க டாஷ்போர்டுக்குள் ஏர்பேக் என்கிற காற்றுப்பை இருக்கிறதாம், அதன்மேல் எதையும் வைக்கக் கூடாதாம். "அது வெடிச்சா உன் பெருமாள் நேரா உன் மூஞ்சிலதான் எழுந்தருளுவார்" என்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த இரண்டு நாள் மௌனத்தின் பலன்தான் வண்டியின் நெற்றி. சமாதானம் பேச வந்தவர் பானட்டைத் திறந்து, அந்தப் பதினேழு எழுத்தைக் காட்டி, "இதான் இதோட நெத்தி. ஆயுத பூஜைக்கு இங்க சந்தனம், குங்குமம் வெச்சுக்கோ. யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். நான் அதோடு விடவில்லை. திருஷ்டிக்கு எலுமிச்சை மூடி ஒன்றும் வைக்க வேண்டும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார், பிறகு சரி என்றார். எங்கள் முப்பத்தாறு வருடத்தில் அவர் யோசித்துவிட்டுத் தவறாகச் சொன்ன சரி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நான் எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கிக் குங்குமம் தடவிக் கொடுப்பேன். அவர் ஒரு மூடியை அந்த எழுத்துகள்மேல் அழுத்தி, இடுக்கில் செருகிவிட்டு பானட்டை மூடுவார். பூஜையில் வைத்ததை உடனே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அது அங்கேயே காய்ந்து, சுருங்கி, எப்போது விழும் என்று நாங்கள் பார்த்ததில்லை. இப்படி ஒன்பது ஆயுத பூஜை போயிருந்தது.

இந்த வருடம் சித்திரைத் தேர் முடிந்த மறுவாரம், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் குளியலறையில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது அவரிடம் இரண்டே சொற்கள்தான் இருந்தன. ஒன்று சரி, இன்னொன்று வேணாம். நாளெல்லாம் பேசித் தீர்க்கிற மனிதருக்கு இரண்டு சொல்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மொத ஆறு மாசம்தாம்மா முக்கியம். இந்தக் கால் திரும்ப வரணும்னா இப்பவே நிக்க வெச்சுப் பழக்கணும். வீட்டுல வெச்சுக் கையை காலை நீட்டி மடக்கினா மட்டும் போதாது" என்றார். நிற்க வைக்கிற கம்பிகளும் பெல்ட்டுகளும் இருந்த பயிற்சி நிலையம் காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தில்லைநகரில். வாரத்துக்கு மூன்று நாள் அவரை அங்கே கொண்டுபோக வேண்டும். என்னிடம் கார் இருந்தது, லைசென்ஸும் இருந்தது. ஐந்தடி பத்தங்குல மனிதரைச் சக்கர நாற்காலியிலிருந்து கார் சீட்டுக்கு ஏற்றுகிற தெம்புதான் இல்லை.

அபார்ட்மென்ட் வாட்ச்மேனும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து மூன்று முறை தூக்கி ஏற்றினார்கள். முதல் முறை தலை கதவில் இடித்தது. மூன்றாவது முறை, தூக்குகிற அவசரத்தில் யாரோ வலது கையைப் பிடித்து இழுத்துவிட, தோள் மூட்டு கீழே இறங்கிவிட்டது. வலியில் அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். அக்கம் பக்கத்தார் எதிரில் வேட்டி நழுவியது அவருக்கு அதைவிடப் பெரிய வலி. அதற்குப் பிறகு காரைக் காட்டினாலே வேணாம். ஆட்டோ என்றாலும் வேணாம், வேன் என்றாலும் வேணாம்.

ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் அந்தச் சுழலும் சீட்டைக் கண்டுபிடித்தாள். காரின் இடது முன் சீட்டைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினால், சீட் கதவுப் பக்கம் திரும்பி, வெளியே நீண்டு, கீழே இறங்கி வரும். சக்கர நாற்காலியிலிருந்து அப்படியே நகர்ந்து உட்காரலாம். ஒருத்தி போதும். வீடியோவில் வயதான ஓர் அம்மா சிரித்துக்கொண்டே கால் நீட்டி உட்கார்ந்து உள்ளே போனார். நான் அதை என் கணவருக்குக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். பிறகு, சரி என்றார். அந்தச் சரிக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

கம்பெனிக்கு போன் செய்தேன். கதவுத் தூண் லேபிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். "பேரு ஒண்ணுதாங்கம்மா. ஆனா எந்த மாசத்து வண்டிங்கிறதப் பொறுத்து கீழ போல்ட் ஓட்டை மாறும்" என்றார் போனில் பேசியவர், எல்லாக் கணக்கையும் விரல் நுனியில் வைத்திருப்பவர்போல. லேபிள் புத்தம் புதிதாக இருந்தது. ஒன்பது வருடம் அதன்மேல் ஒரு துணிகூடப் படாமல் பார்த்துக்கொண்டவர் ஆயிற்றே. போட்டோவைப் பெரிதாக்கி அவரிடம் காட்டியபோது, இடது கை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சீட் பெரிய அட்டைப் பெட்டியில் வந்து ஹாலில் இறங்கியது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. வண்டியின் அமைப்பை மாற்றுகிற வேலை என்பதால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் அவர்கள் ஆள் வண்டியைத் தொட மாட்டார். இன்சூரன்ஸும் நிற்காது. நியாயம்தானே என்று நினைத்தேன். டாக்டர் சர்டிஃபிகேட், ஆர்.சி. எல்லாம் எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது இவரிடம், "ஒரு மணி நேரத்துல வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

விண்ணப்பத்தோடு சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட் வேண்டும் என்றார்கள். வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து ஃபாரம் எழுதிக் கொடுக்கிறவர்தான் அதையும் எடுத்துத் தருவார். குத்திய எழுத்தின்மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தால், எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். அவர் பானட்டைத் திறந்து துணியால் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா ஊத்துனீங்க இங்க?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். முதல் எட்டு எழுத்து சுமாராகத் தெரிந்தது. அதற்கப்புறம் சிவந்த பொருக்கு, உளுத்த தகடு. ஓரத்தில் ஓர் எலுமிச்சை விதை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த விதையை நகத்தால் சுரண்டி எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். என்னவோ அதை எடுத்துவிட்டால் நம்பர் வந்துவிடும் என்பதுபோல. பென்சில் பிரிண்டில் பாதிக் காகிதம் வெறும் கறுப்பாகத்தான் வந்தது.

வண்டிகளைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். டார்ச் அடித்துத் தானே பார்த்தார். நான் ஆர்.சி.யைக் காட்டினேன், கதவுத் தூண் லேபிளைக் காட்டினேன், போனில் என் கணவர் படுத்திருக்கும் படத்தைக்கூடக் காட்டினேன். எலுமிச்சை விஷயத்தையும் மறைக்கவில்லை.

"லேபிள் ஒட்டுனதும்மா. உரிச்சு எதுல வேணா ஒட்டலாம். குத்துனதுதான் கணக்கு. திருட்டு வண்டில இந்த மாதிரிதான் சுரண்டி வெச்சிருப்பாங்க" என்றார்.

"நான் திருடி மாதிரியா இருக்கேன் சார்?"

"இல்லம்மா. நான் நம்புறேன். ஆனா என் நம்பிக்கையை ஃபைல்ல ஒட்ட முடியாதே."

போலீஸில் இது திருட்டு வண்டி இல்லை என்று சான்று வாங்க வேண்டும். தடயவியல் சோதனைக்கு ஆள் வந்து அழிந்த எழுத்தை ஆராய்ந்து எழுதித் தர வேண்டும். பிறகு கார் கம்பெனி அனுமதியோடு நம்பரை மறுபடி குத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் சீட்டைப் பற்றிய பேச்சு. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "நாள் கணக்குல சொல்ல முடியாதும்மா" என்றார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. என் கணவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும், "சரி?" என்றார் கேள்வியாக. என்ன ஆயிற்று என்பதற்கும் அவரிடம் அந்த ஒரு சொல்தான்.

சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க நம்பர் இல்லாத இரும்பைத் தள்ளிவைத்தவர். தன் வண்டியிலேயே நம்பர் இல்லை, அதுவும் தன் கையாலேயே போயிற்று என்று தெரிந்தால், அந்த வண்டியில் இனி ஏறுவாரா? "ஆபீஸ்ல அதிகாரி லீவுங்க. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க" என்றேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் இவ்வளவு சரளமாக நான் பொய் சொன்னதில்லை.

அடுத்த வாரம் இன்னொரு பொய் தேவைப்பட்டது. அதற்கடுத்த வாரம் மற்றொன்று. போலீஸ் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். சான்று கிடைத்தது, அதை வைத்து எழுதிய கடிதங்கள் எங்கெங்கோ போயின. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பெண், "கால் விறைக்க ஆரம்பிக்குது ஆன்ட்டி. நிக்க வெச்சே ஆகணும்" என்றாள். அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது.

அந்தப் பயத்தில்தான் ஜங்ஷன் பக்கம் ஒரு ஆக்சஸரீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "லெட்டராவது ஒண்ணாவது. மத்தியானம் வந்து எடுத்துட்டுப் போங்க" என்றார். இந்தச் சொற்களைக் கேட்கத்தான் மூன்று மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. சாயங்காலம் சீட் கதவுக்கு வெளியே அழகாகத் திரும்பி வந்து நின்றது. பெல்ட் போடாவிட்டால் வரும் பீப் சத்தம் மட்டும் வரவில்லை. ஒயர் இடிக்கிறது என்று வெட்டிவிட்டாராம்.

சக்கர நாற்காலியில் இவரை லிஃப்டில் இறக்கிக் கீழே கொண்டுவந்தேன். பொத்தானை அழுத்தினேன். சீட் திரும்பி, நீண்டு, இறங்கி வந்தது. இவர் உட்காரவில்லை. இடது கையை நீட்டி சீட்டின் விளிம்பைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். அடியில் எங்கோ க்ளக் என்றது. இன்னொரு முறை ஆட்டினார். மறுபடி க்ளக். குனிந்து பார்க்கச் சொல்லி எனக்குச் சைகை செய்தார். பின்பக்க போல்ட் இரண்டிலும், சீட்டோடு வந்த தடிமனான தகட்டைப் போடவில்லை. வெறும் வாஷர்தான் இருந்தது. அந்தத் தகடு பெட்டிக்குள்ளேயே கிடந்ததை வண்டியை எடுக்கும்போதே நான் பார்த்திருந்தேன், கேட்கத் தோன்றவில்லை.

"வேணாம்" என்றார்.

"மெதுவா ஓட்டறேங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே. கொஞ்ச தூரம்தானே."

"வேணாம்."

நான் கத்தினேன். பார்க்கிங்கில், வாட்ச்மேன் எதிரில், என்ன கத்தினேன் என்று இப்போது முழுதாக நினைவில்லை. உங்களுக்கு இரும்புதான் முக்கியம், நான் முக்கியமில்லை என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. நம்பர் விஷயம் தொண்டை வரை வந்தது. அவர் அதற்குள், தூசி படிந்திருந்த கதவில் இடது கை விரலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நாற்காலியைத் திருப்பித் தள்ளினேன்.

தகட்டை வைத்தே மறுபடி பொருத்தச் சொல்லவா என்று கேட்டதற்கும் வேணாம்தான். மறுநாள் கடையில் சீட்டைக் கழற்றிப் பழையதையே போட்டுக் கொடுத்தார்கள். சுழலும் சீட் மறுபடி ஹாலுக்கு வந்தது. மகள் வந்திருந்தபோது ஒரு தச்சரைக் கூப்பிட்டு அதைக் கனமான பலகையில் இறுக்கி, நான்கு போல்ட்டிலும் தகடு வைத்து, இவரையே பார்க்கச் சொன்னாள். ஆட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. சரி என்றார். இப்போது அதில்தான் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். டிவிக்கும் பால்கனிக்கும் நடுவே திரும்பிக்கொள்கிறார். பால்கனியிலிருந்து பார்த்தால் கீழே கார் தெரியும்.

இந்த வருட ஆயுத பூஜையும் வந்தது. கார் கம்பெனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. டாக்டர் சொன்ன ஆறு மாதத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, பொரியும் சுண்டலும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினேன். இவர் தட்டைப் பார்த்தார். எதையோ தேடினார். இடது கையால் காற்றில் எதையோ பிழிந்து காட்டினார். எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி நின்றேன். அவர் வாய் கோணிக் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வோர் ஓசையாக இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

"எலு... மிச்ச."

இந்த ஐந்தரை மாதத்தில் வந்த முதல் புதுச் சொல். பேச்சுப் பயிற்சிக்கு எவ்வளவோ படம் காட்டியிருக்கிறோம். அம்மா, தண்ணி, பால் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறோம். வந்தது இது. அவர் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். சொல்லிவிட்டேன் பார் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார், கோணல் வாயோடு.

சமையலறைக்குப் போய் ஒரு பழத்தை எடுத்து நறுக்கினேன். குங்குமம் தடவினேன். அவருக்குக் காட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். பால்கனிப் பக்கம் சீட்டைத் திருப்பிக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பானட்டைத் தூக்கினேன். அதன் மறைவில் நான் என்ன செய்கிறேன் என்பது மேலே இருப்பவருக்குத் தெரியாது. எட்டு எழுத்தும் அதற்கப்புறம் துருவும் என் எதிரில் இருந்தன. எலுமிச்சை மூடியைப் புடவைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். சாறு இடுப்பில் இறங்கியது. அங்கேயே நின்று, பூஜை செய்ய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அழுதேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பானட்டை மூடினேன். நிமிர்ந்து பார்த்தபோது, மேலேயிருந்து அவர் இடது கையால் தன் நெற்றியைத் தொட்டு, வைத்துவிட்டாயா என்பதுபோலக் காட்டினார்.

நானும் என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

"சரி" என்றார். இரண்டு மாடி உயரத்திலிருந்து அது எனக்குத் தெளிவாகவே கேட்டது.